சுழி போட்ட கடிதம்

"உங்கடை வாசல்படி எனக்கு வேண்டாம், அம்மா. உள்ளுக்கை ஒளிச்சு நிக்கிறவனை வெளியிலை விடுங்கோ. எனக்கு அது காணும்."

"ஒருத்தரும் ஒளிச்சு நிக்கேல்லை எண்டு நாலு தரம் சொல்லிப்போட்டன். மீன் கூவி விக்கிற குரலிலை இஞ்சை நிண்டு கத்தாதை."

"இந்தக் குரலாலை கூவித்தான் என்ரை பிள்ளையைப் படிப்பிச்சனான். அந்தப் பிள்ளையை உங்கடை போடிங் பெடியன் எங்கை அனுப்பினவன்? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கோ, நான் குரலைக் குறைக்கிறன்."

தகரப் படலைக்கு உள்ளே நின்றவள் கனகாம்பிகை. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்குப் பின்னால் இருந்த அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், கல்லூரிப் பெடியன்கள் நாலு பேரை இரண்டு அறைகளில் வைத்துச் சோறு போடுபவள். வெளியே நின்றவள் மக்டலீன். குருநகரிலிருந்து ஆவணி வெயிலில் நடந்து வந்தவள், காலில் செருப்பில்லை. 1984ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, பகல் பத்து மணி. அந்த ஒழுங்கையில் கிடுகு வேலிகளை அடைக்கும்போதே அடுத்த வீட்டுக்காரரின் கண் மட்டத்தில் ஒரு பொத்தல் விட்டுத்தான் அடைப்பார்கள். அன்றைக்கு ஒரு பொத்தலும் சும்மா இருக்கவில்லை.

தேடப்பட்டவன் கிணற்றடியில், தொட்டிச் சுவருக்குப் பின்னால், வெறும் வாளியைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருந்தான். பெயர் சோமசேகரம். ஊர் உடுப்பிட்டி. கல்லூரியில் மூன்றாம் வருடம். (கல்லூரியின் பெயரை விட்டுவிடுவோம். அதற்கு ஏற்கெனவே போதுமான பெயர் இருக்கிறது.) முதல் வருடத்துப் பிள்ளைகளைத் தவளைபோலக் குந்திப் பாய வைத்த சோமசேகரம் அண்ணை, தானே அரை மணித்தியாலமாகத் தவளைபோலக் குந்தியிருக்கிறான். பாய்வதற்குத்தான் இடமில்லை.

மக்டலீன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு கடுதாசியை எடுத்தாள். நாலாய் மடித்த கொப்பித்தாள். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றாள். மகள் அற்புதராணி வாசித்துச் சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை காலை அடைக்கலநாதனின் தலையணைக்குக் கீழே இது கிடந்ததாம். அன்று தொடக்கம் பிள்ளையைக் காணவில்லையாம். 'நான் போகிறேன் அம்மா, என்னைத் தேட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறதாம்.

அந்த நாளில் இப்படிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகும் பெடியன்கள் எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வள்ளம் ஏறி அக்கரை இந்தியாவுக்கு, இயக்கப் பயிற்சிக்குப் போவார்கள். திரும்பி வந்தால் தோளில் துவக்கு இருக்கும். வராவிட்டால் சுவரில் படம் இருக்கும்.

கனகாம்பிகை சட்டென்று குரலை இறக்கினாள். அப்படியென்றால் பிள்ளை தன் விருப்பத்தில் போயிருக்கிறான், அதற்கு எங்கள் வீட்டில் வந்து என்ன கேள்வி என்றாள்.

"தன்ரை விருப்பமோ? மேலை பாருங்கோ. எங்கடை வீட்டிலை ஒரு துண்டுக் கடுதாசி எழுதினாலும் மேலை சிலுவை போட்டுத்தான் எழுதிறது. வாசிக்கத் தெரியாட்டிலும் அது எனக்குத் தெரியும். இதிலை என்ன கிடக்கு? உங்கடை பிள்ளையார் சுழி. என்ரை பிள்ளை எழுதியிருக்கு, ஆனால் பக்கத்திலை நிண்டு ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்கிறான். ஆரெண்டு என்ரை மகள் கல்லூரிப் படலையிலை நிண்டு விசாரிச்சுக்கொண்டு வந்திட்டாள்."

கிணற்றடியில் வாளி கையை விட்டு நழுவிச் சீமெந்தில் விழுந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

மக்டலீன் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கத்தவில்லை, கிணற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடிக்க முன்னம் என்ரை பிள்ளை என்ரை வீட்டிலை நிக்க வேணும். நிக்காட்டி, தங்கடை பேரிலை பகிடிக்குக் கடுதாசி எழுதிறவனை என்ன செய்யிறது எண்டு அந்த இயக்கப் பெடியளிட்டையே போய்க் கேப்பன்."

கடுதாசியைப் படலைக்கு மேலால் எறிந்தாள். எரிக்க வேண்டாம் என்றும் சொன்னாள். பிள்ளை வராவிட்டால் அது தனக்கு வேண்டுமாம், அதில் அவனுடைய கையெழுத்து இருக்கிறதாம்.

கனகாம்பிகை பாம்பைக் கண்டவள்போலப் பின்னால் பாய்ந்தாள். ஆமி தேடுதலுக்கு வந்து இப்படி ஒரு கடுதாசியைக் கண்டெடுத்தால் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டுத்தான் போகும். அவளுடைய புருஷன் சண்முகநாதன் ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பத்திரண்டு வருடம் ஊராரின் கடிதங்களைத் தொட்டுத் தூக்கியவர். அந்த ஒரு கடிதத்தைத் தொட மாட்டேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் எழுதுவித்தவனே கிணற்றடியிலிருந்து வந்து பொறுக்கினான்.

நடந்தது இதுதான்.

ராக்கிங்கில் ஆளுக்கொரு கைராசி உண்டு. போடிங்கில் கூட இருந்த நடராசாவுக்குத் தண்ணீர் வாளி. வேறொருவனுக்கு நெருப்புக்குச்சியால் விறாந்தையை அளக்க வைப்பது. சோமசேகரத்துக்குத் தமிழ் வரும். ஆகவே அவனுடையது கடிதம். போடிங் முற்றத்து மாமரத்துக்குக் கீழே முதல் வருடப் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி, தான் சொல்லச் சொல்ல எழுத வைப்பான். அதிபரின் பூனைக்குக் காதல் கடிதம். செத்துப்போன பக்கத்து வீட்டு மாட்டுக்கு அனுதாபக் கடிதம். நாலு வேலி தள்ளி இருந்தவர்களும் சிரித்தார்கள் என்பதை ஒழுங்கை இன்று மறைத்து என்ன பயன்?

அடைக்கலநாதன் மட்டும் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. நல்ல உயரம், தண்டு வலித்த தோள். பெயர் என்ன, ஊர் எது, அப்பா என்ன வேலை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வான். 'அப்பா யாகோப்பு, கடற்தொழில்' என்று அவன் சொன்னதும் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். அவன் சட்டப்படி சீனியர்மாரின் சேட்டில் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முதல் வருடத்தான் சீனியரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மூன்றாவது பொத்தானைத்தான் பார்க்க வேண்டும் என்பது கல்லூரியின் எழுதாத சட்டம். அந்தப் பொத்தானைப் பார்க்கிற பார்வையில் ஒரு பயமும் இல்லை என்பதுதான் சோமசேகரத்துக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் அவனுக்கு ஒரு கடிதம் சொன்னான். இயக்கத்துக்குப் போகிற மகன் தாய்க்கு எழுதும் கடிதம்.

"முதல்லை சுழியைப் போடு" என்றான் பழக்கத்தில். உடுப்பிட்டியில் பிறந்தவன் மளிகைச் சாமான் துண்டுக்கும் சுழி போட்டுத்தான் தொடங்குவான். எழுதுகிறவன் வேதக்காரன் என்பது நாக்கு நுனியில்கூட வரவில்லை. அடைக்கலநாதன் ஒரு கணம் பேனாவை நிறுத்திவிட்டுப் போட்டான். சொன்னதைச் செய் என்பதுதானே ராக்கிங்.

கடிதம் நன்றாய் வந்தது. அதுதான் வினை. 'அப்பா கடலால் வரும்போது வலை பிடிக்க நான் கரையில் நிற்க மாட்டேன்' என்ற வரிக்கு வந்தபோது எழுதுகிறவனின் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தாளில் விழுந்தது. நடராசா கை தட்டினான். சோமசேகரம் வென்றவன்போல மாமரத்தில் சாய்ந்து நின்று, கடைசிக் கட்டளையைப் போட்டான். இதைத் தலையணைக்குக் கீழே வைக்க வேண்டும். தாய் கண்டதும் எப்படிக் குழறி அழுதாள் என்று நாளைக்கு எல்லோருக்கும் நடித்துக் காட்ட வேண்டும்.

நாளைக்கு அடைக்கலநாதன் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சோமசேகரம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். மூன்று பயம் மாறிமாறி வந்தது. பெடியன் உண்மையிலேயே போயிருந்தால், ஒரு நாளைக்குத் துவக்கோடு இந்தப் படலையைத் திறந்துகொண்டு வருவான். மூன்றாவது பொத்தானைத்தான் பார்ப்பான், ஆனால் அது குறி பார்க்க. போகாமல் கடலிலோ கிணற்றிலோ விழுந்திருந்தால், அது வேறு கதை, அதை நினைக்கவே முடியவில்லை. இரண்டும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், மக்டலீன் போவாள். அந்த வருடம் சந்திகளில் இயக்கம் மின்கம்பங்களோடு கட்டிய பிரேதங்களைக் காலையில் ஊர் கண்டது. கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். மட்டையில் குற்றம் எழுதியிருக்கும். தன் மட்டையில் என்ன எழுதுவார்கள் என்று சோமசேகரம் யோசித்தான். அதையும் நல்ல தமிழில் யோசித்தான், பாவம்.

நடராசாவிடம் போனான். நடராசா ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டிருந்தான். வயிற்றுக்குத்தாம், ஊருக்குப் போய்க் குடிநீர் அவித்துக் குடிக்க வேண்டுமாம். பஸ்ஸுக்கு ஓடிய வேகத்தில் வயிற்றுக்குத்து ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஒழுங்கை முகப்பில் தெரியாத இரண்டு பேர் ஒரு சைக்கிளில் வந்து இறங்கி, "போடிங் வீடு எது?" என்று விசாரித்தார்கள். சோமசேகரம் பின்வேலியால் பாய்ந்து, அடுத்த வளவுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் பதினொரு மணிவரை இருந்தான். வந்தவர்கள் சண்முகநாதன் விற்கப் போட்டிருந்த பழைய றேடியோவைப் பார்க்க வந்தவர்கள். அந்தக் கோழிக்கூட்டடியில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது.

முதல் கிழமை ராக்கிங்கில் அடைக்கலநாதனிடம் கேட்டிருந்தார்கள்: இங்கிருந்து ஓடச் சொன்னால் எங்கே ஓடுவாய்? அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சிமியோன் மாமான்ரை வாடிக்கு, அண்ணை. செம்பியன்பற்றுக்கு அங்காலை. அங்கை ஒருத்தரும் வராயினம்." வாடி என்பது மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் கடற்கரை மணலில் போடும் ஓலைக் கொட்டில். நாற்றத்துக்குள் நாற்றம் போய் ஒளியுமாம் என்று அன்றைக்குச் சிரித்தவன் சோமசேகரம்.

சனிக்கிழமை விடிய அவன் புறப்பட்டான். கடிதத்தை வீட்டில் வைக்கக் கனகாம்பிகை விடவில்லை. எரிக்க மக்டலீன் விடவில்லை. எங்கே வைப்பது? பொக்கெற்றிலா, புத்தகத்திலா, சாப்பாட்டுப் பார்சலிலா என்று பார்த்து, கடைசியில் வலது சப்பாத்துக்குள் அடித்தாளைத் தூக்கி அதற்குக் கீழே வைத்தான். முதல் வருடத்தான் செருப்புத்தான் போட வேண்டும், சப்பாத்து சீனியர்மாருக்கு என்பதும் எழுதாத சட்டம்தான். அந்தச் சப்பாத்து அவனுடைய பெருமை. அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தாள் பாதத்துக்குக் கீழே நெருநெருத்தது. பக்கத்தில் நடப்பவனுக்குக் கேட்கும் என்று நினைத்து நொண்டி நொண்டி நடந்தான்.

கொடிகாமத்துக்கு முன்னால் பஸ் நின்றது.

சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு கைக்குழந்தையின் வாயைத் தாய் சீலைத் தலைப்பால் பொத்தினாள். றோட்டில் மணல் மூட்டை, பனங்குற்றி, ஏழெட்டு ஆமிக்காரர். இளம் ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கி வரிசையாக நிற்க வேண்டும். சோமசேகரத்தோடு ஐந்து பேர் இறங்கினார்கள். வெயில் ஏறியிருக்கவில்லை, ஆனால் அவனுடைய முதுகில் வேர்வை ஓடியது. காலும் வேர்த்தது. மை ஊறி வெள்ளைக் காலுறையில் நீலமாய்க் கசியுமோ என்று குனிந்து பார்க்க ஆசையாக இருந்தது. குனியவில்லை.

முன்னால் வந்து நின்றவனுக்கு வயது இருபதுக்கு மேல் இராது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"பேர் என்னா?"

சொன்னான்.

"ஊர் எங்க?"

சொன்னான்.

"அப்பா என்னா வேலை?"

அதே மூன்று கேள்வி, அதே ஒழுங்கில். தகப்பன் உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர் என்று சொல்ல வந்த குரல், மாமரத்துக்குக் கீழே அவன் கேட்டுப் பழகிய குரலாக வந்தது. முதல் வருடத்தானின் குரல். அவனுடைய கண் தானாகவே கீழே இறங்கி அந்த உடுப்பில் ஒரு பொத்தானில் போய் நின்றது. எத்தனையாவது பொத்தான் என்று எண்ணிப் பார்க்க அவனுக்கு அப்போது நிதானம் இல்லை.

ஆமிக்காரன் சப்பாத்தைக் கண்டான். மற்றவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். கழற்று என்று கையால் காட்டினான். ஒன்றை. எதை என்று காட்டவில்லை.

சோமசேகரம் இடது சப்பாத்தைக் கழற்றினான். ஆமிக்காரன் அதை வாங்கி உள்ளே கையை விட்டுத் துழாவினான். கவிழ்த்துத் தட்டினான். பிறகு தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தச் சப்பாத்துக்குள் காலை விட்டுப் பார்த்தான். பத்தவில்லை. பத்தியிருந்தால் மற்றதையும் கேட்டிருப்பான். ஒரு கணம் வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோமசேகரம் சாகிற நேரத்தில் கூப்பிடுகிற கடவுளைக் கூப்பிட்டான். சப்பாத்து றோட்டுக் கரைப் பற்றைக்குள் பறந்தது. அவனை ஒற்றைக் காலில் கெந்திப் போய் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கெந்திப் போனான். கடிதம் இருந்த காலால் கெந்தினான். சிரிப்புப் பின்னால் கேட்டது. அந்தச் சிரிப்பும் அவனுக்குப் பழகிய சிரிப்புத்தான்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு பக்கத்தில் இருந்த மனுசி அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பாதி சேட்டில் போனது.

கொடிகாமத்தில் மாறி, மருதங்கேணியில் இறங்கி, மணலில் இரண்டு கட்டைத் தூரம் நடந்து சிமியோனின் வாடிக்குப் போனபோது வெயில் உச்சியில் நின்றது. சிமியோன் மக்டலீனின் தம்பி. கரைவலைக் கயிற்றில் இருந்தவர், சப்பாத்தோடு மணலில் நொண்டி வருகிறவனைப் பார்த்து, உவன் ஆரடா என்று கேட்டார். பதில் வரமுன்னம் கொட்டிலுக்குப் பின்னால் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த ஒரு உயரமான உருவம் எழும்பி நின்றது.

அடைக்கலநாதன்தான். உயிரோடு, முழுசாக. துவக்கு இல்லை, கையில் ஒரு பிரம்புத் தட்டு. சோமசேகரத்தைக் கண்டதும் அவன் தட்டைக் கீழே வைத்தான், கையைக் கட்டினான், சேட்டின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தான்.

சோமசேகரம் மணலில் இருந்துவிட்டான். அழுதான் என்று சிமியோன் பிறகு ஊரில் சொன்னார். வேர்வை என்று சோமசேகரம் சொன்னான். வேர்வைக்கு மூக்கு ஒழுகுமா என்று ஒழுங்கை கேட்டது.

"ஏனடா இப்பிடிச் செய்தனி?" என்று மட்டும் கேட்டான்.

"நீங்கள்தானே அண்ணை தலையணைக்குக் கீழை வைக்கச் சொன்னியள். வைச்சன். அம்மா குழறினதை வந்து நடிச்சுக் காட்டச் சொன்னியள். அது எனக்கு ஏலாது. அதுதான் இஞ்சை வந்திட்டன்." கொஞ்சம் பொறுத்து, "இனி முகத்தைப் பாக்கலாமோ, அண்ணை? இல்லைப் பொத்தானோ?" என்று கேட்டான்.

பகிடியாகக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா என்று சோமசேகரத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சிமியோன் குருநகருக்குப் போகும் மீன் லொறியில் இருவரையும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஏற்றி அனுப்பினார். லொறிக்காரனை ஆமிக்காரருக்குத் தெரியும், நல்ல மீன் இரண்டு இறக்கிவிட்டு வந்தான். வழியில் சோமசேகரம் சப்பாத்தைக் கழற்றிக் கடிதத்தை எடுத்தான். வேர்வையில் ஊறி, மடிப்பில் மை பரந்திருந்தது. கிழித்து எறியலாம் என்றான்.

"என்ரை எழுத்தண்ணை. நான் வைச்சிருக்கிறன்" என்றான் அடைக்கலநாதன்.

கொடுத்தான். கையை விட்டுப் போனதே போதும் என்றிருந்தது அவனுக்கு. அதைக் கிழித்திருக்கலாமே என்று பிறகு எத்தனை தரம் நினைத்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பின்னேரப் பொழுதுக்குள் பிள்ளை வீட்டில் நின்றது. மக்டலீன் கட்டிப்பிடிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து மகனுக்கு நாலு போட்டாள். பிறகு அதே விளக்குமாற்றோடு சோமசேகரத்தின் பக்கம் திரும்பி, ஒரு கணம் நின்று, அற்புதராணியிடம் இந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது, ஒருவரும் எங்கும் போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஒழுங்கைக்கு வாய் இருக்கிறது.

தன் போடிங்கின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய கனகாம்பிகை வேலிப் பொத்தல்களுக்கு ஒரு கதை சொன்னாள். குருநகர்ப் பெடியன் உண்மையாகவே பயிற்சிக்குப் போனவனாம். எங்கள் சேகரம்தான் துணிஞ்சு போய் அவங்களோடை கதைச்சுக் கூட்டி வந்ததாம். கதை கிணற்றுக்குக் கிணறு போனது. கல்லூரிக்கும் போனது. நடராசா வயிற்றுக்குத்து மாறித் திரும்பி வந்து, அடைக்கலநாதனுக்குக் கதிரை இழுத்துப் போட்டான். ராக்கிங் நின்றது. அவன் வந்தால் சீனியர்மார் எழும்பினார்கள், சிரிப்பு அறுந்தது, ஒருவரும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை. தான் எங்கேயும் போகவில்லை, கருவாடு காய வைத்தேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அப்படித்தானே சொல்லுவினம் என்று தலையாட்டினார்கள்.

அது பொய் என்று தெரிந்தவன் ஒருவன் இருந்தான். சோமசேகரம் வாய் திறக்கவில்லை. அவங்களோடு கதைக்கக்கூடிய ஆள் என்று ஊர் தன்னைப் பார்ப்பது அவனுக்கு இனித்தது. பற்றைக்குள் கெந்திப் போனவனுக்கு அது தேவைப்பட்டது.

மார்கழியில் ஆமி குருநகரைச் சுற்றி வளைத்தது. வீடு வீடாகப் போகவில்லை. "யாகோப்பு மகன் அடைக்கலநாதன் வீடு எது?" என்று பெயரோடு கேட்டது. அவன் அப்போது கோயிலில் மற்றப் பெடியன்களோடு கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தான். பங்குச் சுவாமியார் அவனைப் பூசை உடுப்பு வைக்கும் அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினார். ஆமிக்காரர் வீட்டில் யாகோப்பை அடித்து, வலையைக் கொளுத்திவிட்டு, திரும்ப வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்து தகப்பனின் முதுகுக்கு எண்ணெய் பூசினான். மறுநாள் விடிய ஆள் இல்லை.

கனகாம்பிகையின் படலைக்கு மக்டலீன் இரண்டாம் தரம் வந்தாள். இந்த முறை கத்தவில்லை. அதனால் ஒழுங்கைக்கு முதலில் தெரியவில்லை. சோமசேகரம் கிணற்றடிக்கு ஓடவில்லை. ஓடலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அவள் தாளை விரித்து அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். அதே கொப்பித்தாள், அதே பரந்த மை, அதே வரிகள். ஒரு எழுத்துக்கூடப் புதிதாக இல்லை. மேலே இருந்த சுழியை மட்டும் கோடு இழுத்து வெட்டியிருந்தது. அதற்கு மேல், புதிய பேனாவால், ஒரு சிலுவை.

"இது அவன்ரை கடுதாசிதான், தம்பி" என்றாள். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று தொடக்கம் சோமசேகரம் அறையில் விளக்கை அணைக்க விடவில்லை. படலை தட்டுப்பட்டால் எழும்பி நிற்பான். எண்பத்தைந்து மாசியில், சோதனை எழுதாமல், தகப்பன் வெங்காயக் காணியை ஈடு வைத்துக் கொடுத்த காசோடு ஜெர்மனிக்குப் போனான். அங்கே சுழிபுரத்துப் பிள்ளை ஒன்றைக் கட்டி, இரண்டு பெட்டைப் பிள்ளைகள். ஊருக்குக் கடிதமே எழுதுவதில்லை என்று தாய் ஒப்பாரி வைப்பாள். நடராசா ஆசிரியராகி, மருதனார்மடத்தில் பெண் எடுத்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாம். கனகாம்பிகையும் தபாலதிபரும் எண்பத்தேழில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மகனிடம் கனடாவுக்குப் போனார்கள். அங்கேயும் பக்கத்து வீட்டைப் பார்க்க வசதியான யன்னலாகத்தான் எடுத்திருப்பாள்.

அடைக்கலநாதனை ஆனையிறவுப் பக்கம் கண்டதாக ஒருவரும், மன்னாரில் கண்டதாக ஒருவரும் சொன்னார்கள். எண்பத்தொன்பதுக்குப் பிறகு கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. யாகோப்பு தொண்ணூறில் போய்ச் சேர்ந்தார். அற்புதராணி சிமியோனின் வாடியில் தொழில் செய்த கட்டைக்காட்டுப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தபோது மக்டலீனும் மகளிடம் போனாள். ஒரு பெட்டியும் எடுக்கவில்லை, சட்டைக்குள் கையை வைத்துக்கொண்டே நடந்தாள் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.